இன்ஜினை மாற்றுமுன்

போடி வட்டாரத்தில் பழைய ஜீப் ஒன்றை வாங்கும் இளைஞர் முதலில் கேட்பது, "இதில் எந்த இன்ஜினைப் போடலாம்?" என்பதே. "இருக்கும் இன்ஜினுக்கு என்ன குறை?" என்று கேட்பவர் அரிது. நோய் இன்னதென்று அறியாமலே மருந்து வாங்கும் இவ்வழக்கத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

மகிந்திராவின் பழைய பெட்ரோல் ஜீப்பில் இருந்தது 2.2 லிட்டர் இன்ஜின். அதன் திறன் ஏறத்தாழ 75 குதிரைத்திறன். பின்னர் வந்த பியூஜோ டீசல் இன்ஜினான எக்ஸ்டிபி 4.90 என்பது 2112 சிசி. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம் என்பதே அப்பெயரின் பொருள். அதன் திறனோ 62 குதிரைத்திறன் அளவுதான். ஆக, டீசலுக்கு மாறியவர்கள் வலிமையை நாடி மாறவில்லை. எரிபொருள் செலவுக்கு அஞ்சி மாறினார்கள். ஆயினும் அந்த ஜீப்புகள் ஏலத்தோட்டங்களுக்கு ஏறவே செய்தன. மலையேற்றத்திற்கு வேண்டுவது வேகம் அன்று. குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவிசையும் தாழ்ந்த கியரும்தாம்.

ஆகவே முதலில் சோதனை. வண்டி ஓடிச் சூடான பின்பு நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் டீசல் மிகுதியாகவோ காற்று குறைவாகவோ செல்கிறது. வெண்புகை நில்லாமல் வந்து ரேடியேட்டரில் நீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டை ஐயுற வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளக்கலாம். அளவு உயர்ந்தால் பழுது ரிங்கில், உயராவிட்டால் பெரும்பாலும் வால்வில். இன்னொன்றும் உண்டு. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏறுகிறோம். அவ்வுயரத்தில் காற்று மெலிவதால், டர்போ இல்லாத இன்ஜின் தன் திறனில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடும். அது மலையின் இயல்பு. இன்ஜினின் தேய்மானம் அன்று. இவற்றைப் பார்த்த பின்பு, பல வண்டிகளுக்கு முறையான இன்ஜின் வேலையே போதும் என்பது தெரியவரும்.

திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம், எடுத்த வேலை, தன் ஆற்றல், எதிர்ப்பவன், உடன் நிற்பவன் ஆகிய நான்கையும் எடைபோட்ட பின்பே இறங்கச் சொல்கிறது. நாம் இன்ஜினின் ஆற்றல் ஒன்றை மட்டும் எடைபோடுகிறோம். மலைச்சாலையில் எதிரி ஏற்றம் அன்று, இறக்கம். உடன் நிற்கும் துணை பிரேக். புதிய இன்ஜினின் கூடுதல் வலிமையைப் பழைய கிளச்சும் கியர்பாக்ஸும் அச்சும் தாங்க வேண்டும். அது தரும் வேகத்தையோ பழைய டிரம் பிரேக் அடக்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் இழப்பது டிரம் பிரேக்கின் குணம். இன்ஜினுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையேனும் பிரேக்குக்கு ஒதுக்காதவர், செய்வது மேம்பாடு அன்று என்றே சொல்வோம்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் பதிவு அலுவலரின் ஒப்புதல் பெற்று, புதிய இன்ஜின் எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்றுவது கடமை. ஏற்றாவிட்டால், விபத்துக்குப் பின் காப்பீட்டுத் தொகைக்காக வழக்காட நேரலாம்.

இதைப் பொழுதுபோக்கர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. பொழுது புலருமுன் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் நெருக்கியமர்ந்து செல்வோரில் பெரும்பாலோர் பெண்கள். கூடுதல் இழுவிசை கூடுதல் ஆட்களை ஏற்றும் உரிமை என்று கருதப்பட்டால், அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் அவர்களே. ஒரு ஜீப் எவ்வளவு விரைவாக மலையேறியது என்று பெருமை பேசுவோர், மாலையில் அது எப்படி இறங்கியது என்பதையும் கேட்டுப் பார்க்கட்டும்.