மருவூர்ப்பாக்கத்திற்கும் விழா வேண்டும்

ஒரு நகரத்தின் விழா என்பது அந்நகரத்து மக்கள் அனைவர்க்கும் உரிய விழாவாதல் வேண்டும். நகரின் ஒருபாதி விழாக் கொண்டாட, மறுபாதி அவ்விழா நடந்து முடிந்ததைச் செய்தித்தாளிற் படித்தறியும் நிலை இருக்குமாயின், அதனை நகர விழா என்றல் பொருந்தாது. அது சிலர்தம் இல்ல விழா, அவ்வளவே. ஆண்டுதோறும் சிலைத் திங்களில் (மார்கழியில்) சென்னையில் நடைபெறும் இசைப்பருவத்தைப் பற்றித் தமிழ்மக்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய முதற் செய்தி இதுவேயாம்.

1927ஆம் ஆண்டு திசம்பரில் பேராயக் கட்சியின் மாநாடு சென்னையில் கூடியபோது, அதனோடு ஓர் இசை மாநாடும் நடைபெற்றது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. அன்று தொடங்கிய திசம்பர் இசைவிழாவைப் பின்பற்றி மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இராயப்பேட்டையிலும் அவைகள் பல கிளைத்தன. இன்று சிலைத் திங்கள் முழுமையும் காலை, நண்பகல், மாலை, இரவு என ஒரே நாளில் ஓரரங்கிலேயே பல நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. கடல் கடந்து வாழும் தமிழரும் இதற்கெனவே வந்து தங்குகின்றனர். 2017இல் உலக நாடுகள் அவையின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு, இசைக்குரிய ஆக்க நகரங்களுள் ஒன்றாகச் சென்னையை ஏற்றுக்கொண்டது. பெருமைதான், மறுப்பார் இலர். ஆயினும், பெருமை பெற்றது எந்தச் சென்னை என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

மேற்குப் புறத்தே ஒரு சென்னை உள்ளது. 1961இல் ஆவடியிற் கனவூர்தித் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. போர்க்களத்தில் இயங்கும் தகரிகள் அங்கே உருவாகின்றன. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. ஏரிகளும் வயல்களுமாய்க் கிடந்த நிலம், பட்டறைகளும் ஆலைகளும் நெருங்கிய நிலமாயிற்று. தமிழகத்தின் பல மாவட்டங்களினின்றும் உழைக்கும் மக்கள் வந்து குடியேறினர். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அம்பத்தூரில் நாலரை இலக்கத்திற்கு மேற்பட்டோரும் ஆவடியில் ஏறத்தாழ மூன்றரை இலக்கம் மக்களும் வாழ்ந்தனர். அவ்வாண்டிலேயே அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. வரி வாங்குங்கால் இவ்வூர்கள் மாநகரம். விழா எடுக்குங்கால் மட்டும் இவை புறநகரம்! இரண்டாம் முறை வேலை முடிந்து இரவிலே இல்லம் திரும்பும் தொழிலாளி, மயிலாப்பூர் அரங்கில் ஆறு மணிக்குத் தொடங்கும் இசையரங்கை எவ்வாறு கேட்பான்? நுழைவுச்சீட்டின் விலையை விடுக. அவனுக்குப் பொழுதே இல்லையன்றோ?

பழந்தமிழ் நகரத்தில் இந்நிலை இல்லை. புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகளாய் இருந்ததைச் சிலப்பதிகாரம் விளக்குகின்றது. அரசரும் பெருவணிகரும் வாழ்ந்தது பட்டினப்பாக்கம். கொல்லரும் தச்சரும் குயவரும் நெசவாளரும் மீன் விற்பாரும் உப்பு விற்பாரும் வாழ்ந்தது மருவூர்ப்பாக்கம். குழலும் யாழும் வல்ல பெரும்பாணர்களின் குடியிருப்பை இளங்கோவடிகள் அம்மருவூர்ப்பாக்கத்திலேயே வைத்துப் பாடுகின்றார் என்பது கருதத்தக்கது. இசைவாணன் கொல்லனுக்கு அண்டை வீட்டானாய் இருந்தான்! இவ்விரு பாக்கங்கட்கும் நடுவே இருந்தது நாளங்காடி. இந்திரவிழாவின் தொடக்க வழிபாடு அந்நாளங்காடியிலேதான் நடந்தது. இரு பாக்கத்து மறவரும் அங்கே வந்து கூடினர். இருபத்தெட்டு நாள் நிகழ்ந்த அவ்விழா, ஊரின் ஒருபுறத்து விழாவன்று; இருபுறத்தார்க்கும் பொதுவான விழா.

அந்த நாளில் ஆடலரங்கும் மிகப் பெரிதன்று. பெருவிரல் இருபத்துநான்கு கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, தரையினின்று உயரம் ஒன்று என அரங்கேற்று காதை அளவு கூறுகின்றது. இக்காலப் பள்ளி வகுப்பறை ஒன்றினும் அது பெரிதன்று. அத்துணைச் சிறிய மேடையில் மூவகை எழினி தூக்கி, ஆடலாசான், இசையாசான், புலவன், முழவோன், குழலோன், யாழோன் ஆகியோர் துணையாக மாதவி ஆடினாள். எனவே, புறநகரிற் கலைவிழா எடுக்கப் பல கோடி உருபா மதிப்புள்ள குளிரூட்டிய மண்டபம் வேண்டும் என்பார் கூற்று, செய்ய மனமில்லார் கூறும் சாக்கேயாம்.

மேற்குப் புறநகர் இசையறியா நிலம் என்று கருதுவார் உளராயின், அவர் தமிழிசை வரலாறு அறியாதவர். அம்பத்தூரை அடுத்த பாடியின் பழம்பெயர் திருவலிதாயம். திருஞானசம்பந்தர் அத்தலத்தை நட்டபாடைப் பண்ணிற் பாடியுள்ளார். பூவிருந்தவல்லியை அடுத்த திருவேற்காட்டை அவர் பாடியது பழந்தக்கராகம். ஆவடியை அடுத்த திருமுல்லைவாயிலைச் சுந்தரர் பாடியது தக்கேசி. ஆக, ஒரு மணிப்பொழுதிற் சுற்றிவரத்தக்க ஒரு சிறு வட்டத்துள் மூன்று தலங்கள், மூன்று பதிகங்கள், மூன்று பண்கள்! இவற்றுள் நட்டபாடையை நாட்டை என்றும் தக்கேசியைக் காம்போதி என்றும் இன்று வழங்குகின்றனர். இசையரங்குகளில் இவ்விரண்டையும் கேட்டுத் தலையசைப்போருள் எத்துணைப் பேர், இவை பாடியிலும் முல்லைவாயிலிலும் ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக ஒலித்து வருபவை என்பதை அறிவர்? பாடிக்காரர்க்கே தெரியாது, தெரிவிப்பாரும் இலர்.

இடத்தினும் பெரிய குறை மொழியைப் பற்றியது. நீண்ட காலமாக இசையரங்குகளில் முதன்மைப் பாடல்கள் பிறமொழியிலேயே அமைந்தன. கேட்போர் களைத்து எழுந்து செல்லும் நேரத்தில், வாலாகச் சில தமிழ்ப்பாடல்கள் பாடப்பெற்றன. அவ்வாறு இறுதியிற் பாடுவனவற்றுக்குத் 'துக்கடா' என்னும் பெயரும் சூட்டப்பட்டது. துக்கடா என்றால் துண்டு. சோறு முழுவதும் பிறர்க்கு. துண்டு மட்டும் தமிழுக்கு! இத்தனைக்கும், சீர்காழி முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் தியாகராசர் பிறந்த 1767க்கு முன்னரே தோன்றித் தமிழில் இசைப்பாடல் இயற்றியவர்கள்.

இக்கொடுமையை எதிர்த்தே தமிழிசை இயக்கம் எழுந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தம் பொருளைச் செலவிட்டு இசை மாநாடுகள் நடத்தி, 1917இற் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் அண்ணாமலை அரசரால் தமிழிசைச் சங்கம் தோன்றியது. தமிழிற் பாடினால் இசையின் தரம் குன்றும் என்று அன்று கற்றவரே எதிர்த்தனர். தண்டபாணி தேசிகரும் கே. பி. சுந்தராம்பாளும் பாடிய பாட்டே அவ்வெதிர்ப்புக்கு விடையாயிற்று. 1947இல் விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் அரங்கேறியது. 1949 முதல் தமிழிசைச் சங்கம் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களையும் நடத்தி வந்துள்ளது.

இவ்வுழைப்பின் பயனாக இன்று நிலை சிறிது மாறியுள்ளது. முழுமையும் தமிழிலேயே அமைந்த அரங்குகளை இளைய இசைவாணர் சிலர் நிகழ்த்துகின்றனர்; அவர்கள் பாராட்டுக்குரியர். எம்மொழிப் பாடலும் தமிழர்க்குப் பகையன்று. தியாகராசர் தம் தாய்மொழியில் உள்ளம் உருகிப் பாடினார். அதனைத் தெலுங்கர் போற்றுதல் போலவே தமிழரும் போற்றலாம். ஆனால், அவர் தம் தாய்மொழியிற் பாடியதைப் போற்றுவோர், தமிழர் தம் தாய்மொழியிற் கேட்க விரும்புவதைக் குறுகிய நோக்கம் என்று இகழ்தல் எவ்வகை நேர்மை? வந்த விருந்தை நடுவீட்டில் அமர்த்துவது தமிழர் பண்பு. வீட்டுக்குரியவளைத் திண்ணைக்குத் துரத்துவது பண்பாகாது.

இனி, மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். பழைய அவைகளின் வாயில் குறுகியது என்று கூறி, இளைஞர் திரையிசைப் பேரரங்குகளை நாடுகின்றனர். அங்கே மொழி தமிழ். எனினும் ஆட்சி புரிவது பணம். 2023 செப்தம்பர் 10ஆம் நாள் சென்னைக் கடற்கரைச் சாலையிற் பனையூரில் நடந்த பெரிய திரையிசை நிகழ்ச்சியில், சீட்டுப் பெற்றிருந்தும் உள்ளே நுழைய இயலாமல் பெண்டிரும் சிறாரும் நெரிசலிற்பட்டுத் திரும்பியதை நாடே அறியும். இசை கேட்கச் சென்றவர் மூச்சுக்குத் திணறினர். அவைக்காரன் மக்களைத் தகுதி பார்த்து விலக்குகின்றான். வணிகன் மக்களைத் தலை எண்ணி அடைக்கின்றான். இருவர்க்கும் மக்கள் சுவைஞராய்த் தோன்றவில்லை.

வேறு வழி உண்டு என்பதற்குச் சான்றும் உண்டு. 2007ஆம் ஆண்டு பொங்கற் பருவத்திற் 'சென்னை சங்கமம்' தொடங்கப்பெற்றது. பூங்காக்களிலும் தெருக்களிலும் பறையும் கரகமும் ஒயிலும் தெருக்கூத்தும் கட்டணமின்றி நிகழ்ந்தன. இடையிற் சில ஆண்டு நின்றுபோன அவ்விழா, 2023 சனவரியில் அரசின் கலை பண்பாட்டுத் துறையால் மீண்டும் தொடங்கப்பெற்றது; அதன் திடல்களுள் அம்பத்தூரும் இடம்பெற்றதுண்டு. மக்கள் திரண்டு வந்தனர். கலை வேண்டா என்று மக்கள் ஒருநாளும் கூறியதில்லை என்பது இதனால் விளங்கும். ஆயினும், அரசு நடத்தும் சில நாள் விழா அரசோடு வரும், அரசோடு போகும். 2007இல் எழுந்தது இடையில் நின்றுபோனதே இதற்குச் சான்று. ஊரார் தாமே எடுக்கும் விழாவே ஊரில் நிலைக்கும்.

ஆதலின் மேற்குப் புறநகர்த் தமிழர் செய்யத்தக்கன சில. பாடி, திருவேற்காடு, திருமுல்லைவாயில் ஆகிய மூன்று ஊர்களிலும் அவ்வவ்வூர்ப் பதிகத்தை அவ்வவ்வூர்ப் பண்ணிலேயே பாடும் விழா ஆண்டுக்கொருமுறை எடுக்கப்படுதல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் ஓதுவாரிடம் அமர்ந்து அதனைக் கற்றல் வேண்டும். கோயில் முற்றத்திற் பண்ணிசையும், பள்ளித் திடலிற் பறையும் தொண்டைநாட்டுக்கே உரிய தெருக்கூத்தும் நிகழ்தல் வேண்டும். ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்னும் பிரிவினை அங்கே தலைகாட்டக் கூடாது. தொழிலாளர்க்கு ஓய்வுள்ள நாளே விழா நாளாதல் வேண்டும். அழைப்பிதழும் அறிவிப்பும் நல்ல தமிழில் அமைதல் வேண்டும்; கலைஞர்க்கு மாலையோடு கூலியும் உரிய நாளிற் கொடுக்கப்படுதல் வேண்டும்.

கூலி என்றதும் முகஞ்சுளிப்பார் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டைக் காண்க. திருப்பதிகம் பாடுதற்கு நாற்பத்தெண்மரும், அவர்க்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவருமாக ஐம்பதின்மரை அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல் அளந்தான் இராசராசன். பாட்டைப் போற்றுதல் என்பது பாடுவான் வயிற்றையும் போற்றுதலே என்பதை அப்பேரரசன் அறிந்திருந்தான்.

தகரியும் மிதிவண்டியும் ஊர்திக் கருவிகளும் செய்து நாட்டுக்கு அளித்த கைகள் மேற்குப் புறநகரின் கைகள். இரும்பைப் பழக்கிய அக்கைகளுக்குத் தாளம் பழகுதல் அரிதன்று. மயிலையின் வாயில் திறக்கும் என்று மருவூர்ப்பாக்கத்தார் காத்து நிற்றல் வேண்டா. தக்கேசி அவர்தம் தெருவிலே பிறந்தது. அதனை அவர்தம் தெருவிலேயே பாடுக! பாடத் தொடங்கினால், கேட்க மயிலையும் வரும்.