பூச்சட்டி மண்ணும் பிணியாளரும்

மாரி தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்து இல்லங்களில் விறாந்தை சிறு பூந்தோட்டமாகிவிடுகின்றது. குறோட்டனும் அந்தூரியமும் சட்டி சட்டியாக வந்து சேருகின்றன. சில அறைக்குள்ளும் புகுகின்றன. பசுமையைக் கண்டால் மனம் குளிர்வது இயல்பே. அதனாலேதான், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய நண்பர் ஒருவரைக் காணச் சென்றபோது பூச்சட்டியொன்றை அன்பளிப்பாகக் கொண்டு சென்றோம். அவர்தம் மனைவியார் அதனை வாங்கி முற்றத்துக் கோடியில் வைத்துவிட்டு, "குறை நினையாதேயுங்கோ, உள்ளுக்கு வைக்க வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர்" என்றார். அப்பொழுது நமக்குச் சற்று நாணமாக இருந்தது. காரணத்தை அறிந்தபின், அவ்வம்மையாருக்கு மனத்துள் நன்றி கூறினோம்.

ஈரமண்ணிலும் உக்கிய இலையிலும் பூஞ்சணங்கள் வாழ்கின்றன. அவற்றுள் அஸ்பர்ஜிலஸ் என்பதன் நுண்ணிய வித்திகள் காற்றிற் பறப்பன. நாம் எல்லோரும் அவற்றை நாள்தோறும் சுவாசிக்கின்றோம். உடலின் எதிர்ப்புச் சக்தி அவற்றை அழித்துவிடுகின்றது. ஆனால், புற்றுநோய் மருந்தினால் வெண்குருதிக் கலங்கள் குறைந்தவருக்கும், மாற்றுச் சிறுநீரகம் பெற்று அதற்குரிய மருந்துகளை உட்கொள்பவருக்கும் அச்சக்தி தளர்ந்திருக்கும். அவர்களின் நுரையீரலில் அப்பூஞ்சணம் வளர்ந்து உயிருக்கே ஊறு செய்யலாம்.

மண்ணில் உறையும் மற்றொரு பகை மெலியோய்டோசிஸ் என்னும் நோயின் கிருமி. இந்நோயை இரங்கூனில் ஆராய்ந்து 1912ஆம் ஆண்டில் விவரித்தவர்கள் விற்மோர், கிருஷ்ணசுவாமி என்னும் இரு வைத்தியர்கள். இலங்கையில் 1927ஆம் ஆண்டிலேயே இது பதிவாகியுள்ளது. இக்கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்ந்து, தோலிலுள்ள புண் வழியாகவும் மூச்சு வழியாகவும் உட்புகும். பெரும்பாலும் வயலிலும் தோட்டத்திலுமே தொற்றுவதாயினும், சட்டிக்கு இடும் மண்ணும் அந்நிலத்து மண்தானே! நீரிழிவுடையோரையே இது மிகுதியாகப் பற்றுகின்றது. சயரோகம் போலத் தோன்றி மயக்கவும் வல்லது. உரிய மருந்தை முதலில் ஊசி வழியாகவும், பின்னர் மாதக்கணக்கில் மாத்திரையாகவும் பெறவேண்டும்.

நீரிழிவு இல்லாத வீடு நம்மிடையே எத்தனை? காலில் ஆறாத புண்ணுடன், வெறுங்கையால் மண்ணளையும் அன்னையர் எத்தனை பேர்?

ஆதலின் செடிகளை வெட்டி எறிய வேண்டுவதில்லை. பிணியாளரின் அறைக்குள் வையாது, யன்னலுக்கு வெளியே அவர் கண்ணிற்படும்படி வைக்கலாம். மண் மாற்றுவதையும் பசளை இடுவதையும் உடல்நலமுள்ள இளையோர் ஏற்றுக்கொள்ளட்டும். நீரிழிவுடையோர் செடி பேணுவதாயின் கையுறையும் காலணியும் அணிந்து, புண்ணை மூடிக்கொள்ளல் வேண்டும். உலர்ந்த மண்ணை நனைத்த பின்னரே கிளறுக. சட்டியின் கீழ்த்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். காய்ச்சல் நீடித்தால், மண்ணில் வேலை செய்ததை வைத்தியரிடம் மறவாது சொல்லுங்கள். அந்த ஒரு சொல் நோயை விரைந்து இனங்காண உதவும்.

நோயாளியைக் காணச் செல்லும் மாணவர்களுக்கும் ஒரு சொல்: பூச்சட்டிக்குப் பதிலாக நல்ல புத்தகமொன்றைக் கொண்டு செல்லுங்கள். நாமும் இப்பொழுது அவ்வாறே செய்கின்றோம்.