தவக்குலும் தடுப்பூசியும்

நோய் இறைவனின் நாட்டம். ஊசி எதற்கு என்பார் நம்மில் உளர். கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் நுழையவும், அங்கிருந்து வெளியேறவும் தடை விதித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைவிட இவர்கள் தவக்குலில் உயர்ந்தவர்களோ?

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. வாட்ஸ்அப் வதந்தியை வேதவாக்காய்க் கொண்டு பெற்றோர் பலர் மறுத்தனர். முகாமை மார்ச்சிலும் நீட்டிக்க நேர்ந்தது.

ஊசி அந்நியர் சதியாம்! பெரியம்மைக்குப் பால் குத்தும் வழக்கத்தைத் துருக்கியில் கண்டு, 1718-இல் தம் மகனுக்கு அங்கேயே குத்துவித்து, 1721-இல் இலண்டனில் பரப்பியவர் மேரி மாண்டேகு சீமாட்டி. முஸ்லிம் நாட்டில் மேலைநாட்டார் கற்றதை முஸ்லிமே வெறுப்பதா?

பூவிருந்தவல்லியை அடுத்த குத்தம்பாக்கம் சமத்துவபுரத்தில், ஒரே சுவரின் இருபுறமும் வெவ்வேறு சாதிக் குடும்பங்கள் வாழும் இரட்டை வீடுகள் உண்டு. அங்குள்ளோரைப் போலவே தட்டம்மையும் சாதி, சமயம் பார்ப்பதில்லை. நோயுற்ற பிள்ளை எழுந்து சென்ற பின்னும் அதன் கிருமி வகுப்பறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கும். நம் பிள்ளைக்கு நாம் மறுக்கும் ஊசி, ஊசிக்குரிய வயதெட்டாத அண்டைவீட்டுக் கைக்குழந்தையின் உயிருக்கே உலை வைக்கலாம். அண்டைவீட்டார் உரிமையைப் பேணுவது நம் மார்க்கமன்றோ?

ஜமாஅத் பெரியோர்களே! வரும் ஜும்ஆவிலேயே இதனை எடுத்துரையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவனிடம் ஒப்படைக்க வேண்டும்.