படியாமற் பழிக்கும் புலமை

தமிழ்ப் புலவர் சிலர்க்கு ஒரு பெருமை உண்டு. கிழமை இதழ்களில் வரும் தொடர்கதை எதனையும் தம் கையால் தொட்டதே இல்லை என்பது அது. புதினம் பற்றிப் பேச்செழுந்தால் 'குப்பை' என்னும் ஒரு சொல்லால் அதனைப் பெருக்கித் தள்ளிவிடுவர். எந்தக் குப்பை, எழுதியவர் எவர், அதனுள் இருப்பது யாது என்று வினவினால் விடை வாராது. படித்திருந்தாலன்றோ விடை வரும்! ஒரு நூற்பாவுக்குப் பொருள் கூற இளம்பூரணரையும் சேனாவரையரையும் நச்சினார்க்கினியரையும் ஒப்பிட்டு நோக்காமல் வாய் திறவாத இவர்கள், பல இலக்கம் தமிழர் விரும்பிப் படித்த நூலுக்கு மட்டும் ஓர் ஏட்டையும் புரட்டாமல் தீர்ப்பெழுதுவது எந்த அளவைநூலின்பாற் பட்டதோ!

தனித்தமிழியக்கத்தின் தந்தையார் இவ்வாறு இருந்தாரல்லர். மறைமலையடிகள் 1911-இல் வெளியிட்ட 'குமுதவல்லி நாகநாட்டரசி' என்னும் புதினம், இரெயினால்ட்சு என்னும் ஆங்கிலரின் கதையொன்றைத் தழுவியது. யார் அந்த இரெயினால்ட்சு? ஆங்கிலப் பேராசிரியர்கள் மேடையேற்றிப் போற்றிய பெரும்புலவரல்லர். 1844 முதல் இலண்டன் மாநகரின் இருட்டு வாழ்க்கையைக் கதையாக்கிக் கிழமைக்கு ஒரு பென்னி விலையில் விற்றவர். கடையாட்களும் கைத்தொழிலாளரும் வாங்கிப் படித்த எழுத்து அது; மேட்டுக்குடித் திறனாய்வாளர் முகஞ்சுளித்த எழுத்து. அதனை அடிகள் படித்தார்; தமிழாக்குதற்குரிய ஒன்று அதில் இருப்பதாகவும் கண்டார். பின்னர் 1916-இல் தனித்தமிழ் நெறியை மேற்கொண்டு, 1921-இல் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' என்னும் புதினத்தை வெளியிட்டார். கழக நூற்கடலில் தோய்ந்த அவர்க்குப் பென்னிக் கதையால் தீட்டுப் பட்டுவிடவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கொள்வோர்க்கு மட்டும் தீட்டு எங்கிருந்து வந்தது?

'மக்கள் கலப்பு நடையையே விரும்புகின்றனர். அதனாலேயே அவை விற்கின்றன' என்பது பதிப்பாளர் கூற்று. புலவரும் அதனையே பெருமூச்சோடு கூறுகின்றனர். ஒருவர் மகிழ்ந்தும் ஒருவர் வருந்தியும் கூறினும் இரண்டும் ஒரே பொய். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வைப் புரட்டிப் பார்க்கட்டும். வடசொல் மண்டிக் கிடக்கும். சொற்றொடர் முடிவதற்குள் மூச்சு முட்டும். எனினும் விற்றது. மு.வரதராசனாரின் 'கள்ளோ காவியமோ', 'கரித்துண்டு', 'அகல் விளக்கு' ஆகியவற்றில் வடசொல் அருகியே வரும். நடை தெளிந்த நீர் போன்றது. அவையும் பதிப்பின்மேற் பதிப்பாக விற்றன. மணவீடுகளில் பரிசாகவும் கொடுக்கப்பட்டன. கலப்பு மிக்கதும் விற்றது, கலப்புக் குறைந்ததும் விற்றது என்றால் விற்பனைக்குக் கரணியம் கலப்பு ஆகாது. இந்த எளிய அளவையைக் கூட எண்ணிப் பாராமைக்குக் கரணியம், இரண்டையும் ஒருங்குவைத்துப் படித்தவர் இன்மையே.

கல்கியை எடுத்துக்கொள்ளலாம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கிழமை இதழில் வந்தது. ஆடிப் பதினெட்டாம் நாள், வீரநாராயண ஏரிக்கரை, குதிரைமேல் ஓர் இளைஞன், இவ்வளவே தொடக்கம். ஏரிக்கு எழுபத்துநான்கு மதகுகள் என்று கேட்ட அவன் அவற்றை எண்ணிக்கொண்டே செல்கிறான், படிப்பவரும் எண்ணுகிறார். சோழரின் நீர்ப்பாசனப் பெருமையைப் பத்துப் பக்கம் முழங்கியிருந்தால் பதிந்திராத செய்தி, ஒரு குதிரையின் நடையோடு நெஞ்சில் பதிந்துவிடுகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றோர் பெயர்களைக் கூறும் உடையார்குடிக் கல்வெட்டு அந்த ஏரிக்கு அணித்தேயுள்ள கோயிலில் இருக்கின்றது. கல்கி எழுதுதற்கு முன்பே வரலாற்றறிஞர் அதனை ஆய்ந்திருந்தனர். அறிந்தவர் எத்தனை பேர்? கதை வந்தபின் தேநீர்க்கடையிலும் 'கொன்றவர் எவர்' என்று வழக்காடினர். கல்கியோ ஐந்து பகுதிகள் எழுதியும் அதற்கு ஐயமற விடை கூறாமலே போனார். 2022-இலும் 2023-இலும் அது திரைப்படமாக வந்தபோதும் அதே வழக்கு மீண்டும் எழுந்தது. விடையை எங்கே நிறுத்தி வைப்பது என்னும் அறிவு அது. அதில் வடமொழியும் இல்லை, தென்மொழியும் இல்லை.

சுசாதாவின் எழுத்தில் ஆங்கிலச்சொல் மிகுதி, அது குற்றமே. ஆயின் அவர் சொற்றொடரின் நீளத்தை அளந்தவர் உண்டா? பெரும்பாலும் ஒரு மூச்சுக்குள் முடியும். அடைமொழி குறைந்து வினை முந்தும். ஒருவன் சினந்தான் என்று கூறாமல், சினந்தவன் செய்ததைக் காட்டிவிட்டு நகரும். அவர் பக்கம் ஒன்றிலுள்ள அயற்சொற்களை நீக்கி, ஈடான தமிழ்ச்சொற்களை இட்டு, எவரேனும் உரக்கப் படித்துப் பார்க்கட்டும். கதை கூறும் இடங்களில் ஓட்டம் குன்றாது. நகரத்து இளைஞர் உரையாடும் இடங்களில் மட்டும் சற்றே குன்றும், அதனை மறைப்பானேன்? தனித்தமிழில் எழுதப் புகுவோன் உழைக்க வேண்டிய இடம் அதுவே என்பது படித்தவனுக்கு மட்டுமே புலப்படும்.

கோவை இராசேசுகுமார் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட புதினங்களை எழுதியவர். 1980-களில் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய, கைக்கடக்கமான திங்கட் புதினங்களில் அவர் பெயர் மிகுதி. ஓர் இயலில் ஒரு கதை, அடுத்த இயலில் தொடர்பற்ற வேறொரு கதை, இறுதியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். இஃது ஓர் உத்தி, கற்றுக்கொள்ளத்தக்கது. அந்நூல்களின் விலையும் கருதத்தக்கது. சில உருவாவுக்கு ஒரு நூல், ஒரு பயணத்திற்குள் படித்து முடிக்கும் அளவு. புலவரின் நூலோ கெட்டியட்டையோடு பதிப்பகத்தின் பரணில் உறங்கும்.

இதனால் நேர்ந்தது சிறு இழப்பன்று. பள்ளித் தமிழாசிரியர்க்கு வாய்ப்பது நாளொன்றுக்கு ஒரு பாடவேளை. கதையாசிரியனோ வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படியிலும் படுக்கையருகிலும் இருந்து, தான் விரும்பிய தமிழைக் கற்பித்துவிட்டான். கடிதம் எழுதவும் கருத்துக் கூறவும் தமிழர் மூன்று தலைமுறையாகக் கையாளும் நடை, இலக்கண வகுப்பிற் பெற்றதைவிடக் கிழமை இதழிற் பெற்றதே மிகுதி. கதைக்காகச் சென்றவர் கலப்பையும் உடன்கொண்டு திரும்பினர். அவர்களை அழைத்துச் செல்லத் தூய தமிழில் வேறு கதை ஆயத்தமாக இருந்ததா?

இருந்தவற்றுட் பலவற்றின் நிலை நாடறியும். சொல் ஒவ்வொன்றும் தூயது. மதிப்புரைகளில் பாராட்டும் தூயது. கதைமாந்தர்க்கு மட்டும் உயிரில்லை. வீட்டில் தீப்பற்றினாலும் தலைவன் முதலில் தமிழின் தொன்மையைப் பற்றி இரண்டு பக்கம் பேசுகிறான். தலைவி அதனை வழிமொழிகிறாள். அதன்பின்னரே தண்ணீர் தேடுகின்றனர். அந்நூலை எழுதியவர் சாண்டில்யனின் கடற்போர் ஒன்றையேனும் படித்திருந்தால், முதலில் குடத்தை எடுக்கச் சொல்லியிருப்பார்.