டீசலில் ஆல்கஹால் கலக்கலாமா?

டீசல் தொட்டியில் நீர் தேங்கினால், சிறிது ஆல்கஹால் ஊற்றினால் போதும் என்று சிலர் நம்புகின்றனர். பிரேசில் நாட்டில் எத்தனால் என்னும் ஆல்கஹாலைப் பெட்ரோலில் கலந்துதானே விற்கின்றனர் என்றும் கேட்கின்றனர். பெட்ரோலுக்குப் பொருந்துவது டீசலுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

பெட்ரோல் இயந்திரத்தில் தீப்பொறி எரிபொருளைப் பற்ற வைக்கிறது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தில் டீசல் தானாகவே பற்றிக்கொள்ள வேண்டும். எத்தனால் அவ்வாறு எளிதில் பற்றாது. அதைக் கலந்தால் எரிதல் தாமதமாகி, இயந்திரம் தட்டும் ஓசையுடன் அதிரக்கூடும்.

மேலும், எரிபொருள் பம்பின் உராய்வைக் குறைப்பதும் டீசல்தான். ஆல்கஹாலுக்கு அத்தன்மை குறைவு. எனவே, உலோகப் பாகங்கள் விரைவில் தேயும். எத்தனாலின் ஆவி ஏறக்குறைய 13 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. நம் வட்டாரத்து வெயிலில் இது பேராபத்து அன்றோ?

செம்பனை எண்ணெயிலிருந்து உயிரி டீசல் தயாரிக்கவும் மெத்தனால் என்னும் ஆல்கஹால் பயன்படுகிறதே என நீங்கள் வினவலாம். உண்மைதான். ஆனால், அது ஆலையில் எண்ணெயுடன் வினைபுரிந்து வேறொரு பொருளாக மாறுகிறது. எஞ்சிய மெத்தனால் நீக்கப்படுகிறது. மலேசியாவின் பி10 டீசலில் 10 விழுக்காடு இத்தகைய உயிரி டீசலே.

தொட்டியில் நீர் தேங்கினால், பட்டறையில் அதை முறையாக வெளியேற்றுவதே நன்று. கனவுந்தை நம்பிப் பிழைக்கும் ஓட்டுநருக்குப் பம்பு பழுதானால், அன்றைய வருமானமே நின்றுவிடும். ஆழமறியாமல் காலை இடலாமா?