ஊட்டும் கைகள்

அறிவுசார் குறைபாடு உடையோரின் உடற்பருமனுக்கு அவர்களுடைய அடங்காத பசியே காரணம் என்றொரு அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பதினைந்தாம் குரோமோசோமின் பழுதால் நேரும் பிராடர் வில்லி என்னும் அபூர்வ நோயில் பசி அடங்காதது மெய். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களிடம் தைராய்டு குறைவு சாதாரணமாகக் காணப்படுவதும் மெய். ஆயினும் இவர்களுள் பெரும்பாலோரின் தேகம் பிறர் கைகளாலேயே கனக்கிறது என்பது என் திடமான எண்ணம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரைச் சுற்றியுள்ள ஊர்களில், தாய் கரும்பு வெட்டச் சென்றபின், கம்பிக் கதவுக்கு உட்புறம் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் இளைஞன் கூச்சலிடும்போதெல்லாம், அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்களே என்று அஞ்சிய பாட்டி, டீயில் தோய்த்த பிஸ்கட்டை அவன் வாயில் வைக்கிறாள். மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறு தட்டு நிறைய. காய் ஒரு கரண்டி. வெளியே விட்டால் லாரியும் பஸ்ஸும் விரையும் சாலையில் என்ன ஆகுமோ என்று கதவு பூட்டியே கிடக்கிறது. ஆத்திரம் தணியக் கொடுக்கும் ரிஸ்பெரிடோனும், வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட்டும் எடையை ஏற்றக்கூடியவை. அவற்றைத் தாமாக நிறுத்தினால் பேராபத்து. ஆனால் மருந்தெழுதும் வைத்தியர் ஒவ்வொரு முறையும் எடை பார்த்து, மாற்று உண்டா என யோசிப்பது அவசியம்.

ஆகவே பத்தியம் அவனுக்கு மட்டும் விதிக்கப்படுமானால் அது தண்டனையாகவே முடியும். வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் ஒரே ஆகாரத்தை உண்பதும், சோறு இவ்வளவு, காய் இவ்வளவு என்று படம் வரைந்து காட்டுவதும், அவன் சமர்த்தாக இருந்ததற்குத் தின்பண்டத்துக்குப் பதிலாக அவனுக்குப் பிடித்த பாட்டை வைப்பதும் பலன் தரும்.

வீட்டாருக்கு வெளியிலிருந்தும் துணை வேண்டும். பதினெட்டு வயதுவரை வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். அதன்பின் அந்தக் கதவும் அடைபடுகிறது. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது, உடன் நடக்க ஒருவர் வருவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அருகிலேயே மருத்துவ வசதி என்று வாக்களிக்கிறது. 2021 ஆகஸ்ட் முதல் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் கையில் ஓர் அளவு நாடா இருந்தால் போதும். எடைமேடையில் ஏற மிரளுகிறவருக்கும் இடுப்பை அளந்துவிடலாம். ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80-ம் எச்சரிக்கை எல்லைகள். அளந்ததைக் குறித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பவும், வள மையத்தை மாலையில் ஒரு மணி நேரமேனும் பதினெட்டு கடந்தவர்களுக்குத் திறந்துவைக்கவும் கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.