அடுத்த வீட்டு மணி

ப்ளூ ஜுரம் கண்டவர், "உடம்பை அடித்துப் போட்டாற்போல் இருக்கிறதே!" என்று முனகுகிறார் அல்லவா? சகோதரிகளே, அந்த வலியில் பெரும் பங்கு கிருமியின் கைவரிசை அல்ல. நம் உடம்பே செய்வது!

லண்டன் மில் ஹில்லில் ஐஸக்ஸ் என்பவரும், ஸ்விட்ஸர்லாந்திலிருந்து வந்த லிண்டன்மனும் 1957-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கரு வளரும் கோழி முட்டைக்குள் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதைத் துண்டு போட்டு, சூடு காட்டிக் கொன்ற ப்ளூ வைரஸுடன் ஊற வைத்தார்கள். அந்த நீரைப் புதிய சவ்வின்மேல் விட்டு, பிறகு உயிருள்ள வைரஸைப் போட்டார்கள். அது தலையெடுக்கவே இல்லை! நீரில் இருந்த பொருளுக்கு 'இன்டர்பெரான்' என்று பெயரிட்டார்கள். நம்பாதவர்கள் கேலி செய்தார்கள். பாவம், ஐஸக்ஸ் 1967-ல், 45 வயதிலேயே காலமானார். அப்பொருளைச் சுத்தமாகப் பிரித்தெடுத்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

வைரஸ் புகுந்த உயிரணு பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆனால் சாகுமுன், "திருடன் வந்துவிட்டான்!" என்று அண்டை அயலாருக்குக் கூவுகிறது. அந்தக் கூவல்தான் இன்டர்பெரான். பக்கத்து உயிரணுவின் வெளிச்சுவரில் இதற்கென்றே அழைப்பு மணி ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு துண்டுகள். இன்டர்பெரான் வந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் மணி அடிக்கும். ஆள் வாசலோடு சரி, உள்ளே வருவதில்லை. சேதி மட்டும் கைமாறி உட்கருவுக்குப் போகிறது. உடனே நூற்றுக்கணக்கான ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன. வைரஸின் நகலைத் துண்டாக்கும் கத்திரிகள் தயாராகின்றன. புரதம் செய்யும் சமையலறையையே சில சமயம் இழுத்து மூடிவிடுகிறார்கள்! திருடனுக்குச் சோறு கிடைக்கக் கூடாதே!

இந்த அமளியில்தான் ஜுரமும், குளிரும், உடம்பு வலியும். இன்டர்பெரானை மருந்தாக ஊசி போட்டாலும் இதே அவஸ்தைதான்.

மணி அடிக்காமல் போனால்? கொரோனா பரவிய 2020-ல், உயிருக்கே ஆபத்தான நிலையில் இருந்த 987 நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 101 பேருக்கு, அவர்கள் உடம்பே உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் இன்டர்பெரானை வழியிலேயே மடக்கியிருந்தன. கூவல் கிளம்பியது, வாசலை எட்டவில்லை. லேசாக வந்து போன 663 பேரில் ஒருவருக்கும் இந்தக் கோளாறு இல்லை.

இன்னொன்று கேளுங்கள்: அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள்!